எண்ணெய் கசிந்தது, நான் உள்ளே போனேன்

சூடான எண்ணெய்க் குழாய்களுக்குப் பக்கத்தில் நின்று வயிறு வளர்த்தவர்களே, நம் தொழிலில் நெருப்பைவிட ஆபத்தானது நெருப்பு வரும் என்று சொல்வதுதான். யுத்த காலத்தில் கொழும்புக்குப் பக்கத்தில் களனியில் ஒரு துணி ஆலையில் நான் குழாய் பொருத்தும் பிட்டர். வெள்ளவத்தையில் வாடகை அறை, அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

தட்டு வைத்தியம்

துணி உலர்த்தும் எந்திரத்துக்குச் சூட்டைக் கொண்டுபோவது தெர்மிக் ஒயில் என்ற கொதிக்கும் எண்ணெய். பம்படியில் அது கசிந்து, குழாயைச் சுற்றியிருந்த கண்ணாடிப் பஞ்சில் ஊறியது. ஊறிய பஞ்சு ஒருநாள் தீப்பிடிக்கும் என்று நானும் பொயிலர் ஒப்பரேட்டர் விமலேயும் முதலாளியிடம் போய்ச் சொன்னோம். விமலே கொட்டாஞ்சேனையில் வளர்ந்த சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார்; சிங்களத்தில் எனக்கு அவர் அய்யே, அண்ணன், அவருக்கு நான் மல்லி, தம்பி. புறக்கோட்டையில் துணி விற்று மேலே வந்த முதலாளிக்கு எந்திரத்தை நிறுத்த மனமில்லை.

"கீழ ஒரு தட்டு வச்சுக்கங்கப்பா. கூரை ஒழுகுனா வீட்டையா மூடுறோம்?"

பஞ்சுக்குப் புதுச்சட்டை

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள் என்றதும் முதலாளியின் கண்ணில் எண்ணெய்க் கறை பட்டது. பஞ்சை மாற்றச் சொல்லவில்லை, அதன்மேல் பளபளவென்று புதுத் தகடு சுற்றச் சொன்னார். சுற்றினோம். வந்தவர்கள் சுத்தத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த கிழமை தகட்டு மூட்டிலிருந்து புகை. எந்திரம் ஓடட்டும், என்னவென்று திறந்து பாருங்கள் என்றார் முதலாளி. விமலே தகட்டைக் கழற்றினார். உள்ளே கனன்றுகொண்டிருந்த பஞ்சு காற்றுப் பட்டதும் குப்பென்று பிடித்தது. இரண்டு கைகளும் வெந்துபோன மனிதனை நான் வெளியே இழுத்து வந்தபோது முதலாளி ஓடிவந்து கேட்டார்.

"துணியெல்லாம் எடுத்தாச்சா?"

முன்னறிவு

அந்த நாட்களில் எது எரிந்தாலும் யாராவது கொளுத்தியதாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் ஆலையில் அந்த யாராவது நான். பொலிஸ் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். கசிவைப் பற்றியும் நாங்கள் எச்சரித்ததைப் பற்றியும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். முதலாளியோ அப்படி எதையும் கேள்விப்படவே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். இன்ஸ்பெக்டர் அடிக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தமிழிலேயே ஒரு கேள்வி போட்டார்.

"நெருப்புப் பிடிக்கும் எண்டு உனக்கு முதலே எப்படித் தெரியும்?"

வார்ட்டில்

விமலே படுக்கையில் கிடந்தபடியே பிடிவாதமாக வாக்குமூலம் கொடுத்ததால்தான் என்னை விட்டார்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார். வாங்கிப் போன சோடாவை நான்தான் பருக்கினேன். அந்தக் கைகள் இனி வேலைக்கு உதவாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பொலிஸ் உங்களிடம் என்ன கேட்டது அய்யே என்றேன். சோடா போதும் என்று தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்.

"நானும் உன்னோட சேர்ந்துதானே மல்லி சொன்னனான். எப்படித் தெரியும் எண்டு என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்ல."

அதன்பிறகு நான் வேலை செய்த ஆலைகளில் எது கசிந்தாலும் என் கண்ணில் படவில்லை, எல்லா முதலாளிமாரும் என்னை நல்ல மனிசன் என்றே சொன்னார்கள்.