நோக்கியா, காட்டியா

கொழும்பில், வெள்ளவத்தையில் என் வீட்டுக்குக் கிட்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் அங்கே மூன்று மொழிகளிலும் பெயர்ப்பலகை வைக்கத் தீர்மானித்தார்கள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் தமிழ்ப் பலகைகளுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மருந்தகம், கழிப்பறை எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தன. எண்டோஸ்கொபி அறைக்கு மட்டும் மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன.

என்னோடு இன்னும் இருவர். ஒருவர் புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மற்றவர் அந்த அறையில் நோயாளிகளின் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற டொக்டர்.

“ஸ்கோப் எண்டால் கிரேக்கத்தில பார்க்கிறது. அப்ப நோக்கி. தொலைநோக்கி, நுண்ணோக்கி, அகநோக்கி,” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“எங்கட பாடப்புத்தகத்தில தொலைகாட்டி, நுணுக்குக்காட்டி. முப்பது வருஷமாக் காட்டி எண்டுதான் படிப்பிச்சனான். இது அகங்காட்டி,” என்றேன்.

“நோக்கிறதுக்குத்தானே அதை உள்ளுக்கு விடுறது?”

“நோக்கிறதெண்டால் அதுக்குக் கண் எங்க இருக்கு?”

டொக்டர் தேநீரோடு வந்த ரோல்ஸை மென்றபடியே சொன்னார்: “அது ஒரு குழாய். அது ஒண்டும் பார்க்கிறேல்லை. நான்தான் பார்க்கிறன்.”

நாங்கள் இருவரும் அவரை அலட்சியமாகப் பார்த்தோம். மொழி விஷயத்தில் வைத்தியருக்கு என்ன வேலை?

இரண்டாம் கூட்டத்துக்கு நான் அகராதி பார்த்துவிட்டுப் போனேன். ஸ்கோப் என்று முடிந்தால் கருவி, ஸ்கொபி என்று முடிந்தால் அந்தக் கருவியால் செய்கிற வேலை. ஆகவே இத்தனை நாளும் நாங்கள் தவறான வாலைப் பிடித்து இழுத்திருக்கிறோம். புதுக் கண்டம் கண்டவன்போல அறிவித்தேன். மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் வெளிறினார். பிறகு சுதாரித்துக்கொண்டு, “அப்ப நோக்கல்,” என்றார். “காட்டல்,” என்றேன் நான்.

மூன்றாம் கூட்டத்துக்கு டொக்டர் வரவில்லை. நிர்வாகப் பெண்மணி, பகல் சாப்பாட்டுக்கு முன் முடியுமா என்று சிங்களத்தில் பொறுமையாகக் கேட்டார். முடித்தோம். ‘அகநோக்குக்காட்டியியல் பிரிவு.’ யாரும் தோற்கவில்லை. கை குலுக்கிக்கொண்டோம்.

இந்த வருடம் எனக்கு வயிறு எரியத் தொடங்கியது. அதே டொக்டர் எண்டோஸ்கொபி செய்யச் சொன்னார். காலையிலேயே வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தேன். எங்கள் பலகை தலைக்கு மேலே பளபளத்தது. அதன் கீழே யாரோ ஒரு வெள்ளைத் தாளில் ‘எண்டோஸ்கொபி’ என்று பேனையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். தாளின் ஒரு மூலை கழன்று மடிந்து பாதி எழுத்தை மறைத்திருந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு அம்மா, கணவரின் கையைப் பிடித்தபடி வந்து நின்றார்.

“ஐயா, எண்டோஸ்கொபி இதுதானா? ரெண்டு தரம் இதைத் தாண்டிப் போயிட்டோம். மேல போட்டிருக்கிறதைப் பார்த்து, மனசு சரியில்லாதவங்களுக்குப் பார்க்கிற இடம்னு இவரு சொன்னாரு.”

“இதுதான் அம்மா.”

“யாரு இப்படி எழுதினது?”

“ஆரோ படிச்ச ஆக்களா இருக்கும்,” என்றேன்.

தாதி வந்து எதற்காக வந்தேன் என்று கேட்டார். ஒரு கணமும் யோசிக்காமல், “எண்டோஸ்கொபி,” என்றேன். சொன்ன பிறகுதான் வெட்கம் வந்தது.

உள்ளே படுக்கவைத்து, பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து டொக்டர் குனிந்து கேட்டார்: “சேர், இப்ப நோக்கவோ, காட்டவோ?” என்னால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. அவர் பார்த்தார். சின்னப் புண். மருந்து தந்தார், வெறும் வயிற்றில் பிளேன்டீ குடிக்க வேண்டாம் என்றார்.

வெளியே வந்தபோது அந்த அம்மாவின் கணவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நோவுமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“தொண்டையில கொஞ்சம். கெதியா முடிஞ்சிடும். டொக்டர் நல்லவர்,” என்றேன்.

தாதி கூப்பிட்டதும் அவர் மனைவியின் கையை விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார்.