புருல்கான் திறக்காத பெட்டி

பிஷ்கெக்கில் டிராலிபஸ் ஓட்டும் புருல்கானுக்கு அந்தப் பழைய வீடியோ கேம் தலைகீழ்ப் பாடம். எந்தக் குகையில் எந்தப் பெட்டி, அதற்குள் என்ன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அதுவே சலித்துப்போய், பொருட்களையெல்லாம் இடம் மாற்றிக் கலைத்துப் போட்ட பதிப்பு ஒன்றை இறக்கிக்கொண்டாள். கப்பல் சாவி கிடைத்தால்தான் கடலைத் தாண்டலாம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக மலை, குகை, கோட்டை என்று சல்லடை போட்டுச் சலித்தும் சாவி அகப்படவில்லை.

கணவன் சார்ஷென் சோபாவில் சாய்ந்து, பொரித்த மாவுத் துண்டான போர்சோக்கைத் தேநீரில் நனைத்துத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆட்டம் ஆரம்பிச்ச வீட்லயே கட்டில் பக்கத்துல ஒரு பெட்டி இருந்துச்சே, அதைத் திறந்தியா?”

“அதுல வெறும் பச்சிலைதாங்க. இருபது வருஷமா எனக்குத் தெரியும். விளையாடத் தெரியாதவங்க பேசாம டீயைக் குடிங்க.”

“எல்லாத்தையும் கலைச்சுப் போட்டாச்சுன்னு நீதானே சொன்ன? பச்சிலை மட்டும் நகரமாட்டேன்னு அடம்பிடிச்சுதாக்கும்?”

புருல்கானுக்குச் சுருக்கென்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முதல் வீட்டுக்கே திரும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே சாவி மினுங்கியது.

சார்ஷென் இன்னொரு போர்சோக்கை எடுத்து நனைத்தான். அவன் குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கப்பல் கிளம்பியது. சுற்றிலும் கடல். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இந்த மனிதனிடம் யோசனை கேட்டதே கிடையாது. என்ன சொல்வான் என்றுதான் தெரியுமே. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

“ம்… இப்ப எந்தப் பக்கம் போறதாம்?”