காசு வைக்காமல் ஆடியவர்

வியாழக்கிழமை காலை கடையைத் திறந்து கணினியைப் போட்டுக்கொண்டிருந்தபோது மாரியப்பன் அண்ணன் அழைத்தார். யோங் பெங்கில் டயர் கடை வைத்திருப்பவர். எடுத்தவுடனே, "லெட்சுமி, சார் போயிட்டாரும்மா" என்றார். எந்த சார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு சார்தான். மூன்று வருடமாக அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத மனிதர்தான் அவருடைய சாவுச் செய்தியை எனக்கு முதலில் சொன்னார்.

எழுத்தாளர் அமிர்தலிங்கம் அவர்களுக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்கள்தான் அவருடைய எழுத்தைத் தட்டச்சு செய்தவர், ஒரு கட்டுரை தாருங்கள் என்று வாசகர் வட்டத்தார் கேட்டார்கள். "நல்லத மட்டும் எழுதுங்கம்மா. சீட்டு, நம்பரு இதெல்லாம் வேணாம்" என்றும் சொன்னார்கள். அதையெல்லாம் எடுத்துவிட்டால் சாரில் பாதி ஆள்தான் மிஞ்சுவார். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று எனக்கு இருக்கிறது. அவர் சாகும்வரை ஒருவர்மேல் கோபமாக இருந்தார். அந்தக் கோபம் அந்த மனிதருக்கு உரியதல்ல. இதை எங்காவது அச்சில் வைத்துவிட்டுத்தான் என்னால் அவருக்கு அஞ்சலி செலுத்த முடியும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமிர்தலிங்கம் அவர்கள் ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங் ஊர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஓய்வுபெற்றபின், சோழர் கப்பல்கள் கடாரத்துக்கு வந்த காலத்தை வைத்து ஒரு தொடர்கதை எழுதத் தொடங்கினார். நாளிதழின் ஞாயிறு பதிப்பில் பதினொரு வருடம் வந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய துறைமுகத்தில் மீன் என்ன வாசம் அடித்தது என்று, காலையில்தான் அங்கே போய்வந்தவர்போலப் பேசுவார். குளுவாங்கில் இருக்கும் என் அச்சுக்கடைக்கு முதன்முதலாக வந்தபோது வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கையில் நாற்பது பக்கக் கையெழுத்துப் பிரதி. "லெட்சுமிம்மா, ஒரு பந்தயம். அடுத்து இந்தக் கதவைத் திறந்துகிட்டு வர்றது ஆம்பளையா பொம்பளையா? நான் தோத்தா உங்களுக்கு ஒரு தே தாரே. நீங்க தோத்தா இன்னிக்கே டைப் அடிச்சுக் குடுக்கணும்" என்றார். அப்போது உள்ளே வந்தது பக்கத்துக் கடைப் பூனை. பூனை ஆணா பெண்ணா என்ற வழக்கு தீரும்வரை இரண்டும் செய்துவிடுவோம் என்று நுரை பொங்க ஆற்றிய தேநீரும் வாங்கித் தந்தார், தட்டச்சும் செய்ய வைத்துவிட்டார். சுத்தமாக ஏமாந்தேன், அதில் எனக்குச் சந்தோஷம் வேறு.

அவருடைய துணைவியார் செங்கமலம் அக்கா அப்படி ஏமாறுகிறவர் அல்லர். இளம் வயதில் சாருடைய சூதாட்டத்தில் அக்காவின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்த் திரும்பாமலே போனது. அன்று அக்கா அழவில்லை, சண்டையும் போடவில்லை. அவரை முனீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போய், இனிமேல் காசு வைத்து ஆடமாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தை சார் கடைசிவரை மீறவில்லை. லாட்டரி விற்கும் நம்பர் கடை இருக்கும் வரிசையில்கூட நடக்கமாட்டார், எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஊரே இதைச் சொல்லி அவரைப் புகழ்ந்தது.

காசு இல்லாமல் ஆடும் வழி ஒன்றை அவர் கண்டுபிடித்திருந்தது ஊருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் யோங் பெங்குக்குப் பேருந்து ஏறிவிடுவார். டயர் கடை அன்று அடைத்திருக்கும். பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் அவரும் மாரியப்பன் அண்ணனும் ரம்மி ஆடுவார்கள். அண்ணன் புறாப் பாட்டுப் போட்டிக்காக மெர்போக் என்ற கூவும் புறாக்கள் வளர்ப்பவர். அண்ணன் தோற்றால் ஒரு புறாவைக் கூண்டைத் திறந்து விட்டுவிட வேண்டும். சார் தோற்றால், பந்தயத்தில் வைத்த கதாபாத்திரம் அந்த வாரத்து அத்தியாயத்தில் சாக வேண்டும்.

இது எனக்குத் தெரியும். அவரே சொல்லியிருந்தார். ஒரு மாலுமி கடலில் விழுந்ததும், ஒரு படைத்தலைவன் பாம்பு கடித்துச் செத்ததும் சீட்டில் தோற்றதால்தான். வாசகர்கள் அழுது கடிதம் போட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், மறைக்கவில்லை.

அந்தக் கதையில் துறைமுகத்து உப்புக் கொட்டகையைக் காக்கிற ஒரு பெண் வருவாள். நறுக்கென்று பேசுவாள், யாருக்கும் பயப்படமாட்டாள். அவளுக்கு சார் வைத்த பெயர் செங்கமலம். அப்போது அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் என் கடைக்கு எதிரே இருந்த நிலையத்தில் இரத்தச் சுத்திகரிப்பு. திங்கட்கிழமை, முந்தைய நாள் ஞாயிறு பதிப்பை எடுத்துப் போய், இயந்திரத்தில் கை கிடக்க, பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பார். "இவ நான்தான். எம்புருசன் எழுதினது" என்று தாதியரிடம் சொல்லிக்கொள்வார். முப்பது வருடக் கோபத்தை அந்தக் கதைதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை சார் கொண்டுவந்த அத்தியாயத்தில் உப்புக் கொட்டகை இடிந்து விழுந்து செங்கமலம் செத்துப்போனாள். படித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"அண்ணன் அவரோட பெரிய புறாவ வச்சாரும்மா. ஜொகூர் முழுக்கப் பேர் வாங்கின புறா. அதுக்கு ஈடா நான் யார வைக்கிறது? கையில சீட்டு அவ்வளவு நல்லா இருந்துச்சு. தோப்பேன்னு நெனைக்கல."

"அக்கா படிப்பாங்க சார்."

"அண்ணனும் வேணாம்னுதான் சொன்னாரு, அக்கா பேரு, வேற ஆளக் கொல்லுங்கன்னாரு. ஆட்டம்னா ஆட்டம்தானே? கததானேம்மா இது. ஒரு காசு வைக்கலையே நான்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தட்டச்சு செய்தேன், அனுப்பினேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டிருக்கலாம். கணினி பழுது என்று பொய் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை.

அது அச்சில் வந்த மறுநாள், நான் தேநீர் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். அக்கா அன்று யாருக்கும் வாசிக்கவில்லை. தாள் மடியில் மடித்துக் கிடந்தது.

"லெட்சுமி, இவரு இத்தன வருசமா எழுதறாரு. ஒருத்தர் செத்தா அதுக்கு ஒரு காரணம் வச்சிருப்பாரு. இவளுக்கு ஒன்னுமே இல்ல. காத்து இல்ல, மழ இல்ல, கொட்டகை சும்மா இடிஞ்சு விழுதாம். என்னா ஆச்சு இவருக்கு?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஒரு வாரமாக அந்தச் சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை. சொல்லிவிட்டேன். புறா, சீட்டு, எல்லாவற்றையும்.

அக்கா குழாயில் ஓடிக்கொண்டிருந்த தன் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "காசு வைக்க மாட்டேன்னுதான் சத்தியம் வாங்கினேன். ஆள வைக்கக் கூடாதுன்னு கேக்க எனக்குத் தோணலையேம்மா" என்றார்.

அதன்பிறகு அவர் தம் கணவரின் எழுத்தில் ஒரு வரியும் படிக்கவில்லை. வீட்டில் சண்டை இல்லை. சார் கதையைப் பற்றிப் பேச வாய் திறந்தால் எழுந்து தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார், அவ்வளவுதான். சார் அவளை உயிரோடு மீட்டு ஓர் அத்தியாயம் எழுதினார். கொட்டகைக்கு அடியில் ஒரு நிலவறை இருந்ததாம். அதை அக்காவின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தார். தாள் வைத்த இடத்திலேயே இருந்தது. "எனக்கு எல்லாம் தெரியும்" என்று மட்டும் அக்கா சொன்னாராம். யார் சொன்னது என்று கடைசிவரை சொல்லவில்லை. அந்த அத்தியாயம் வந்த எட்டாவது மாதம் அக்கா இறந்துபோனார்.

காரியம் முடிந்தபின் சார் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். சட்டை கசங்கியிருந்தது. "அவகிட்ட போட்டுக் குடுத்தது மாரியப்பன். நேரா கேட்டேன், ஆமான்னு ஒத்துக்கிட்டான். இருபது வருசப் பழக்கம்மா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் ஏன் ஒத்துக்கொண்டார்? வாயைத் திறந்து, நான்தான் சார் என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் தேநீர் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். அந்தக் கோழைத்தனத்துக்கு இன்றுவரை எனக்கு மன்னிப்பு இல்லை.

அவர் அதன்பிறகு எழுதவில்லை, யாரோடும் பந்தயம் கட்டவும் இல்லை. மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். சமையலறை மேசையில் அந்த மீட்பு அத்தியாயம் கண்ணாடிக் குவளைக்கு அடியில் கிடக்கும். போகும்போதெல்லாம், இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போவேன். சொல்லாமலே திரும்புவேன். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாரை எடுத்தார்கள். வீட்டில் நல்ல கூட்டம். மாரியப்பன் அண்ணன் மட்டும் வாசல் கேட்டுக்கு வெளியே, வேலியோரமாக வெயிலில் நின்றார். நான் போய் அவர் முன்னால் நின்றேன்.

"அண்ணே, அக்காகிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்மா. விசயம் தெரிஞ்சது மூனு பேருக்கு. நான் சொல்லல. சாரு சொல்லல."

"அப்புறம் ஏண்ணே ஆமான்னு சொன்னீங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவருக்குக் கோவப்பட ஒரு ஆளு வேணும்லா. உன்ன வெறுத்துட்டா எழுத்து நின்னுடும். என்ன வெறுத்தா சீட்டுதானே நிக்கும்னு நெனச்சேன். ரெண்டுமே நின்னுருச்சு."

அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாய்க்கரிசி போட்டார். சவ வண்டி கிளம்பும்போது, பின்னால் நின்ற நான்கைந்து பேர் கைப்பேசியை எடுத்து அதன் எண் பலகையைப் படம் பிடித்தார்கள், சாயங்காலம் அந்த எண்ணில் லாட்டரி நம்பர் எடுப்பதற்காக. வேறு யாருடைய சாவாகவாவது இருந்தால் சார் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அண்ணன் அவர்களை முறைத்துவிட்டு, வண்டியின் பின்னாலேயே தலையைக் குனிந்தபடி நடந்தார்.

சார், உங்கள் எழுத்தை ஒரு பிழை இல்லாமல் பதினொரு வருடம் தட்டச்சு செய்தவள் நான். உங்கள் மனத்தில் இருந்த பெரிய பிழையைத் திருத்தாமல் விட்டவளும் நான்தான். போய் வாருங்கள். சொன்னது மாரியப்பன் இல்லை.