சைப்பிரஸ் கலியாணத்தில் மாமா பாடிய பாட்டு

மாமாவைக் கலியாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது கிளியைப் பந்தியில் இருத்துவது மாதிரி என்பார் அம்மா. சொந்தத் தம்பியை அப்படிச் சொல்ல அம்மாவுக்கு மட்டும்தான் உரிமை. மாமா எந்நேரமும் கதைப்பார். இடைக்கிடை மட்டும் சொல்ல வந்ததை மறந்து, வாயைத் திறந்தபடி நிற்பார். பிறகு எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவார்.

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய பாமர்ஸ் கிறீனில் ஒரு சைப்பிரஸ்காரரின் பேக்கரியில் அவருக்குப் பாண் சுடும் வேலை. முதலாளிக்குத் தமிழ் தெரியாது, மாமாவுக்குக் கிரேக்கம் தெரியாது, இருவரது ஆங்கிலத்தையும் சேர்த்தாலும் ஒரு முழு வசனம் தேறாது. அதனால் பாடினார்கள். முதலாளி மாக் குழைக்கும் மேசையில் தாளம் தட்டி இரண்டடி பாடுவார். மாமா அதே தாளத்தில் வாய்க்கு வந்ததைத் தமிழில் திருப்பிக் கொடுப்பார். முதலாளியின் மகள் ஒருத்தி சொன்னபடி, முன்னொரு காலம் சைப்பிரஸ் தீவில் புலவர்கள் திருவிழாவுக்குத் திருவிழா போய்ப் பாட்டு விற்றார்களாம். ஓரடிக்குப் பதினைந்து அசையாம். பல நூறு வருடமாக அந்தக் கணக்கு மாறவில்லையாம்.

முதலாளியின் இளைய மகளுக்குக் கலியாணம் வந்தது. எங்களையும் அழைத்தார். அவருடைய பேத்தி என் வகுப்பில் படித்தாள். வகுப்பில் அவள் வைத்ததுதான் சட்டம். எனக்குப் பதினொரு வயது. அவளுடைய பிறந்தநாளுக்கு அழைக்கப்படுகிறவர்களில் ஒருத்தியாகிவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டிருந்தார். இடுப்பு அரித்தது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. எங்கள் ஆட்கள் பிழையாக எதையாவது செய்வதற்கு முன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு வயலின் எழும்பியது. சட்டிஸ்தா தொடங்கப் போகிறது என்று பேத்தி வந்து சொன்னாள். இருவர் எதிரெதிரே நின்று இரண்டிரண்டு அடியாக ஒருவரை ஒருவர் திட்டுவார்கள். மூக்கைத் திட்டலாம், மனைவியின் சமையலைத் திட்டலாம், யாரும் கோபிக்கக் கூடாது. பதில் வராமல் நிற்பவர் தோற்றவர். கலியாண வீட்டில் ஒரு சொல் தவறி விழுந்தால் பத்து வருடம் முகம் பாராத சனம் நாங்கள். சண்டை என்று நினைத்து மாமா பாய்ந்துவிடுவாரோ என்று ஓடிப்போய் விளக்கினேன்.

"எனக்குத் தெரியும், பிள்ளை. நாங்கள் ஒவ்வொரு நாளும் செய்யிறதுதானே" என்றார்.

முதலாளிக்கு எதிராக மாப்பிள்ளையின் பெரியப்பா நின்றார். பெரிய வயிறு, நல்ல குரல். அடிக்கு அடி மண்டபம் சிரித்தது. பிறகு அவர் சிரித்தபடியே இரண்டடி பாடினார். அதற்குப் பாதிப்பேர் சிரிக்கவில்லை. முதலாளி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வயலின்காரர் மெட்டைத் திரும்ப வாசித்தார், பிறகு இன்னொரு தரமும் வாசித்தார். பெற்ற மகளின் கலியாணத்தில், ஊரே பார்க்க, அவர் தோற்கப் போகிறார். மணப்பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

அப்போதுதான் மாமா எழும்பினார். நேரே நடுவில் போய், பெரியப்பாவின் வயிற்றைக் கையால் காட்டி, தாளம் பிசகாமல் பாடினார்:

"பாண் தின்ற வயிறோ இது, பானை தின்ற வயிறோ?
பந்தியிலை மிச்சமில்லை, ஆர் வளர்த்த வயிறோ?"

மண்டபத்துக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, வயிறு மட்டும் நன்றாக விளங்கியது. பெரியப்பாவே அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த ஆரவாரத்தில் முதலாளிக்குக் குரல் திரும்பி, அடுத்த அடியை எடுத்தார்.

எனக்கு எதுவும் காதில் விழவில்லை. பேத்தி வாயைப் பொத்திச் சிரிப்பது மட்டும் தெரிந்தது. கோட்டுகள் தொங்கிய மூலைக்குள் போய் நின்றுகொண்டேன். "உவனுக்கு விசர்" என்று மாமாவைத் திட்டிக்கொண்டே அம்மா அங்கே வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார்.

பஸ்சில் மாமாவிடம் வெடித்தேன். "உங்களை ஆர் பாடச் சொன்னது? அவருக்குப் பாட்டு மறந்துபோச்சு. அவர் தோத்தால் உங்களுக்கு என்ன?"

"அந்தாளுக்குப் பாட்டு மறக்கேல்லை, பிள்ளை" என்றார் மாமா.

ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. பிறந்தநாள் அழைப்பும் வரவில்லை. அந்தப் பழியையும் மாமாவின் தலையில் போட்டேன்.

போன வருடம் அந்தப் பேத்தியைத் தற்செயலாகச் சந்தித்தேன். பெரியப்பா பாடிய அந்த இரண்டடி என்னவென்று கேட்டேன். எலுமிச்சைத் தோட்டத்தை எவனோ பறிக்க விட்டு ஓடி வந்தவனே, மகளை மட்டும் எப்படிக் காவல் காத்தாய் என்பதுதான் பாட்டாம். முதலாளியின் ஊர் சைப்பிரஸில் நடந்த யுத்தத்தில் பறிபோய், தீவைப் பிரித்த எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. அதை மட்டும் அவரிடம் யாரும் பகிடியாகச் சொல்வதில்லையாம்.

மொழி தெரிந்த அத்தனை பேரும் இருக்க, ஒரு சொல்லும் தெரியாத மாமாதான் எழும்பினார். அந்த நாட்களில் ஊரில் மாமாவின் வீட்டு வளவில் ஆமிக்காம்ப் இருந்தது. வீட்டுக்கு வருகிற யாராவது, "உங்கடை வீடு இப்ப என்ன மாதிரி?" என்று கேட்பார்கள். மாமா பதில் சொல்ல வாயைத் திறப்பார், அப்படியே நிற்பார். பக்கத்திலேயே இருந்து எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். சொல்ல வந்ததை மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.