ஷபீனா கால் அகட்டி நின்றாள்

ஷபீனா நல்ல உயரம். அந்த உயரத்தில் பெரும்பங்கு தொடையில்தான். பஸ்ஸில் உட்கார்ந்தால் முழங்கால் முன்சீட்டில் இடிக்கும். அவள் கணவர் ஜாகிர் ஊரப்பாக்கத்தில் டயர் கடை வைத்திருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் விதத்தை ஒரு நர்ஸ் செய்து காட்டினாள். பாதங்களை நெருக்கி வைத்து, குந்தி, அணைத்து எழ வேண்டும். குள்ளமான அந்தப் பெண் சிரமமில்லாமல் எழுந்தாள். ஷபீனா குந்தினால் இடுப்பு பின்னால் போனது, மார்பு முன்னால் சாய்ந்தது, பாரம் முழுக்க முதுகில் இறங்கியது. தனக்குத்தான் தெம்பில்லை என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் முதுகு பிடித்துக்கொள்ள, இருவரும் தரையில் விழுந்தார்கள். கீழ்வீட்டு தட்சிணாமூர்த்தி வந்து தூக்கிவிட்டார்.

அதற்கப்புறம் ஜாகிர் எழ மறுத்தார்.

"நீயும் படுத்துட்டா நமக்கு யாரு இருக்கா?" என்று குழறிக் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினோரு நாள் எல்லாம் படுக்கையிலேயே நடந்தது. இடுப்பில் புண் தொடங்கியதும், ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்த அவர் தம்பி அக்தர், தபீதாள் என்ற பிசியோதெரபிஸ்டை அழைத்து வந்தான். அவள் முதலில் ஜாகிரைப் பார்க்கவில்லை. ஷபீனாவைக் குந்தச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். பிறகு டேப்பால் அவள் தொடையை அளந்தாள்.

"உங்க மேல தப்பில்லக்கா. தொடை நீளமா இருந்து காலச் சேத்து வச்சுக் குந்தினா, உடம்பு முன்னால சாயத்தான் செய்யும். கொஞ்சம் அகட்டி வைங்க. பாதம் வெளிப்பக்கம் திரும்பட்டும்."

பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்க வைத்துப் பார்த்தார்கள். பாதங்களைத் தோளகலத்தில் வைத்தபோது உடம்பு இன்னும் சாய்ந்தது. மிகவும் அகட்டியபோது தொடையிடுக்கில் வலித்தது. பாதங்களை ஒரு சாண் உள்ளே இழுத்து, முழங்கால் பாதம் பார்க்கிற பக்கமே போகும்படி குந்தியபோது, இடுப்பு கால்களுக்கு நடுவே இறங்கியது. முதுகு நிமிர்ந்தே இருந்தது.

ஆனால் ஷபீனாவுக்குக் கூசியது. காலைச் சேர்த்து உட்கார் என்று கேட்டே வளர்ந்தவள். அக்தர் கூடத்துக்குப் போன பிறகும் தயங்கினாள். ஜாகிர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா நில்லு," என்றார். "நம்ம வூடுதானே."

அவள் அகட்டி நின்றாள். அவருடைய இடது கை அவள் தோளைப் பற்றியது. மூன்று எண்ணி எழுந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஜாகிர் அழுதார். ஷபீனா அழவில்லை, மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

அவர் நடக்கவேயில்லை. ஆனால் பதினேழு மாதம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு பெருநாளுக்கும் புதுச்சட்டை போட்டு வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் இடது கையை நெஞ்சில் வைத்து சலாம் சொன்னார்.

போன மாசி மாதம் ஒரு மதியம், மீன்குழம்புச் சோறு பாதி தின்றிருக்கும்போது அவர் தலை ஒரு பக்கம் தொங்கியது. ஷபீனா மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். வாயைத் துடைத்துவிட்டாள். நாற்காலியைக் கட்டிலோடு சேர்த்துத் தள்ளி, கால்களை அகட்டி வைத்துக் குந்தினாள். இப்போது தோளைப் பிடிக்க அவர் கை வரவில்லை. முதல் தடவை முடியவில்லை. இரண்டாவது தடவை தூக்கிக் கட்டிலில் கிடத்தி அவர் கண்களை மூடிவிட்டாள்.

அதன் பிறகே அக்தருக்குப் போன் செய்தாள்.