ஒன்பது பாட்டும் ஒரு கீச்சொலியும்

என் அண்ணன் இருபத்திரண்டு வருஷமாகத் தகடு வெட்டும் பட்டறையில் வேலை செய்கிறான். அவன் நிற்கும் இயந்திரம் நிமிஷத்துக்கு நாற்பது முறை இறங்கும். ஒவ்வொரு முறையும் தரை அதிரும். காதை அடைத்துக்கொண்டால் இயந்திரம் கோளாறு பண்ணுவது தெரியாது என்று, கொடுத்த காதடைப்பானைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான். பட்டறையில் அவனுக்குப் பெயர் ‘பேய்’. பேய்ப்படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு இடைவேளை முடிந்த பிறகும் நிறுத்தமாட்டான்.

அந்தப் பைத்தியம் சின்ன வயதில் பிடித்தது. அப்பா இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குவார். பள்ளிக்கூட விடுமுறையில் நாங்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, வாடகைக் கேசட்டில் பேய்ப்படம் பார்ப்போம், சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு. படத்தில் கதவு திறந்தால் அண்ணன் வாயாலேயே ‘கிறீச்’ என்பான், என் காதுக்கு மட்டும் விழுகிற மாதிரி. படத்தைவிட அவன் வாய்தான் பயங்கரம்.

நாற்பத்தைந்து வயதில் அதை ஆல்பமாகப் போட உட்கார்ந்தான். மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையைக் காலிசெய்து ஒரு கிதார், ஒரு சின்தசைசர், ஒரு கணினியை அடைத்தான். ஒன்பது பாட்டு. டிஸ்கோ மாதிரி தொடங்கும். நடுவில் ராக் கிதார் புகுந்து ரகளை பண்ணும். எல்லாம் அடங்கின பிறகும் எதுவோ ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். தாளத்துக்குப் பட்டறை இயந்திரத்தையே பதிவுசெய்து போட்டிருந்தான். கடைசிப் பாட்டு மட்டும் தாலாட்டு.

அண்ணிக்குப் பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை. “அங்க நாள் பூரா பல்லை ராவுற சத்தம். இங்க வந்தா உங்கண்ணன் என் எலும்பை ராவுறார்,” என்பாள் போனில். “காது வலிக்குதுன்னு சொன்னா கேக்குறாரா?”

“உனக்கு எந்தப் பாட்டுதான் வலிக்கல?” என்று பின்னாலிருந்து அண்ணனின் குரல் வரும்.

முடித்ததும் எனக்கு அனுப்பினான். கேட்டேன். ஒன்பது பாட்டின் மேலும் ஒரு மெல்லிய கீச்சொலி, ஊசியால் செவிப்பறையைக் கீறுகிற மாதிரி. பயமுறுத்தத்தான் வைத்திருக்கிறான் என்று முதலில் நினைத்தேன். தாலாட்டிலும் அது வந்தபோது ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். ஒரு வருஷமாகவே போனில் “என்ன? என்ன?” என்று அவன் கேட்டுக்கொண்டிருந்ததும், நான் லைனைத் திட்டிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் உறைத்தது. அண்ணனுக்கு அந்த ஒலி மற்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி கேட்கவில்லை.

மறுநாளே கூப்பிட்டான். “சொல்லு வாண்டு. மத்தவங்க பேச்சு எனக்கு வேண்டாம். நீ சரின்னா வெளிய விடுறேன்.”

நான் இருக்கும் வெளிநாட்டு ஊரில் யாரும் எதற்கும் ‘பிரமாதம்’ என்பார்கள். அந்த மொழியில் நானும் வாய் கூசாமல் சொல்வேன். தமிழில் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுக்கியது. ஆனாலும் சொல்லிவிட்டேன். “ரொம்ப நல்லா இருக்குண்ணா.” இவ்வளவு தூரத்திலிருந்து உண்மையைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தால், அந்த மாடிப்படிக்குக் கீழே அவன் தனியாக உட்கார்ந்திருப்பானே. நேரில் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

ஆல்பம் வெளிவந்தது. சில நூறு பேர் கேட்டார்கள். ‘இரண்டு நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை’ என்று ஒருவர் எழுதினார். ‘அந்தக் கீச்சொலி மூளையைத் துளைக்கிறது, என்ன துணிச்சல்!’ என்று இன்னொருவர். அதைப் படித்துவிட்டு அண்ணன் அண்ணியிடம் கேட்டானாம்: “எந்தக் கீச்சொலி?”

பட்டறையில் வருஷாவருஷம் நடக்கும் காது பரிசோதனைக்கு எப்போதும் டிமிக்கி கொடுப்பவன், அந்த முறை தானாகவே போனான். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ரொம்ப நேரம் அவன் எதையும் அழுத்தவில்லை. வெளியே வந்து, “எப்பம்மா ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டிருக்கிறான்.

“பாதி முடிஞ்சிருச்சு சார்,” என்றாளாம் பரிசோதனை செய்த பெண்.

அதன்பிறகு மூன்று வாரம் எனக்குப் போன் இல்லை. நான் கூப்பிட்டால் அண்ணிதான் பேசுவாள். பத்து நாள் லீவு போட்டுப் போனேன்.

அவன் சாமான் அறையில் இருந்தான். நான் சத்தம்போட்டுக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினான்.

“உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“அன்னிக்கேவா?”

“அன்னிக்கேதான்.”

கிதாரின் தந்தியைத் தேய்த்தான். “உங்கண்ணி கத்திக்கிட்டே இருந்தா, பாவம். அவளை நம்பல. உன்னை நம்பினேன்.”

“பயமா இருந்துச்சுண்ணா.”

“பேய்ப்பாட்டு போட்டவன் நான். பயந்தது நீயா?” அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

நான் அழ ஆரம்பித்தேன். அவன் நாற்காலியை என் பக்கம் தள்ளினான். கணினியில் தாலாட்டைத் திறந்தான். “உக்காரு. தப்பு என்னோடது. எல்லாப் பாட்டுலயும் மேல மணி மாதிரி ஒரு மெட்டு வச்சிருந்தேன். எனக்குச் சரியா கேக்கலையேன்னு சத்தத்தை ஏத்திக்கிட்டே போயிருக்கேன். இப்ப இறக்குறேன். சரியா வர்ற இடத்துல சொல்லு. இந்தத் தடவை நிஜத்தைச் சொல்லு.”

கீச்சொலி அறையை நிறைத்தது. குமிழை மெல்லத் திருப்பினான்.

“இப்ப?”

“இன்னும் குறை.”

“இப்ப?”

“இன்னும்.”

அவன் முகம் மாறியதைக் கவனித்தேன். அவனுக்கு அது கேட்பது அந்த இடத்தில் நின்றுபோயிருந்தது. அவன் கண் என் வாயிலேயே இருந்தது. “இன்னும் கொஞ்சம்,” என்றேன். திருப்பினான். ஊசி உதிர்ந்துபோய் ஒரு சின்ன மெட்டு மட்டும் மிஞ்சியது.

“இதுதான்.”

“ஓடுதா?”

“ஓடுது.”

ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தான். பிறகு எடுத்துவிட்டான். “எப்படி இருக்கு?”

“இறங்கி வருது. ஒரு இடத்துல தயங்கி நிக்குது. அப்புறம் மறுபடி ஏறுது.”

“ஆமா,” என்றான். “அங்க நிக்கணும்.”

அந்த அளவிலேயே சேமித்தான். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டைத் திறந்தான்.

“இன்னும் எட்டு இருக்கு. நீ கிளம்புறதுக்குள்ள முடிக்கணும்.”