மலையாண்டியின் கை

இளையாத்தங்குடிக்கு மேற்கே இருக்கும் அந்தச் சிற்றூரில், காய்கறி போடுகிறவர்கள் பருவம் பிறந்ததும் வானத்தைப் பார்க்க மாட்டார்கள். மலையாண்டியின் தோட்டத்து வேலியைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். அவர் இந்தத் தடவை என்ன போடுகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்ததும் அதை விட்டுவிட்டு வேறு எதையாவது போடுவார்கள். அதில் அவர்களுக்கு ஒரு நிம்மதி.

மலையாண்டிக்குக் கைராசி கிடையாது என்பது ஊர் சேர்ந்து எடுத்த முடிவு. அவர் தக்காளி போட்ட வருடம் விலை படுத்துக்கொண்டது, எல்லோரும் ரோட்டோரம் கொட்டினார்கள். அவர் மிளகாய் போட்ட வருடம் ஊர் முழுக்கச் செடி சுருண்டது. இதெல்லாம் போதாதென்று ஒரு கூத்தும் நடந்தது. கொடைக்கானலுக்குச் சுற்றுலா போனவர், உருளைக்கிழங்கு மூட்டை மூட்டையாக லாரி ஏறுவதைப் பார்த்து மயங்கி, விதைக்கிழங்கு வாங்கிவந்து இந்தச் செம்மண்ணில் நட்டார். மார்கழிக் குளிரை நம்பினாராம்! இந்த ஊர் மார்கழிக் குளிர், விடிந்ததும் போர்வையோடு சேர்த்து மடித்து வைக்கிற குளிர். தோண்டிப் பார்த்தால் கோலிக்குண்டு அளவில் வந்தது. அன்றிலிருந்து அவருக்குப் பெயர் ‘கெழங்கு’.

தக்காளியை ஊரே போட்டது, விலையை ஊரேதான் கெடுத்தது. அது யாருக்கும் தெரியாமலா இருக்கும்? ஆனால் ஊரே சேர்ந்து செய்த மடத்தனத்தை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்வதைவிட, ஒருவன் தலையில் கட்டிவிடுவது சுலபம். மலையாண்டி எதிர்த்துப் பேசத் தெரியாதவர். அவர் தலையில் கட்டினார்கள்.

நடவு என்றால் அந்த ஊரில் கைராசிக்காரர் ஒருவரை அழைத்து முதல் நாற்றை நடச் சொல்வார்கள். வெற்றிலை பாக்கு, தேங்காய், தோளுக்கு ஒரு துண்டு, எல்லாம் உண்டு. ஐம்பத்தெட்டு வயது வரை மலையாண்டியை ஒருவரும் அழைத்ததில்லை. பக்கத்துத் தோட்டமே அவருடைய தம்பி தங்கச்சாமியுடையது. அங்கே நடவு நடக்கும்போது மலையாண்டி வரப்பில் நிற்பதைக்கூடத் தம்பி விரும்பமாட்டான். அவர் கை முதலில் படுகிற மண் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான், அது அவருடைய தோட்டம். அங்கே அவர் மனைவி யோகலட்சுமி நாற்றுத் தட்டை நீட்டி, “ஊரு கெடக்கு, நீங்க நடுங்க” என்பாள். அந்த ஒரு சொல்லில்தான் மனிதர் ஒவ்வொரு பருவமும் நிமிர்ந்து நின்றார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தங்கச்சாமியின் மகள் துர்காதேவி இவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள், இவர்கள் வீட்டில்தான் தூங்கி வளர்ந்தாள். இப்போது காரைக்குடி ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். கோட்டையூர் மாப்பிள்ளை பேசி முடித்த அன்றைக்கு, “என் கல்யாணத்துக்குப் பெரியப்பாதான் முகூர்த்தக்கால் ஊனணும்” என்று சபையில் சொல்லிவிட்டாள். தங்கச்சாமி சிரித்து மழுப்பினான். மலையாண்டிக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகு அவருக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே இல்லாமல் போயிற்று. பந்தல் போடுகிற இடத்தில் மஞ்சள் பூசிய அந்தக் காலைத் தன் கையால் ஊன்றிவிட வேண்டும்.

அந்த வருடம் கார்த்திகையில் அவர் கத்தரி நட்டிருந்தார். வழக்கம்போல ஊர் கத்தரியைக் கைகழுவிவிட்டு வெண்டைக்கும் தக்காளிக்கும் ஓடியது. தை பிறந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கக் கல்யாணம். கத்தரிக்காய் இல்லாமல் இந்தப் பக்கத்தில் பந்திக்கு இலை போட முடியுமா? சமையல்காரர்கள் தேடி அலைந்தார்கள். காரைக்குடி செக்காலையில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் வாஹித், மலையாண்டியின் மூட்டை இறங்குவதற்கு முன்பே விலை பேசி முடித்தார். வாழ்நாளில் முதல் தடவையாக மலையாண்டி மார்க்கெட்டிலிருந்து சிரித்த முகத்தோடு கிளம்பினார்.

வாஹித் நல்ல மனிதர், வியாபாரம் தெரிந்தவர். “அண்ணே, ஒரு வெசயம். ஒங்க காய் ஒசத்தின்னு இந்த வெலை வரல. மத்தவுக போடாம விட்டாக, அதுக்கு வந்த வெலை. வார வருசம் பாருங்க, ஊரே கத்தரி போடும். நீங்க அவரைக்கு மாறிக்கிருங்க” என்றார்.

மலையாண்டிக்கு அது நன்றாகவே விளங்கியது. தம்பியிடமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினார். அன்று ராத்திரி யோகலட்சுமியிடம் மட்டும் சொன்னார்.

அடுத்த கார்த்திகை நடவு நெருங்கியபோது தம்பியே வந்தான். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், துண்டு.

“அண்ணே, ஒங்க கை திரும்பிருச்சுன்னு ஊரே பேசுது. இந்த வருசம் எல்லாத் தோட்டத்துலயும் மொத நாத்து நீங்கதான் நடணுமாம். நம்ம தோட்டத்துலருந்து ஆரம்பிங்க.”

“என்ன நாத்துடா?”

“கத்தரிதான். எல்லாரும் அதான் போடுறாக.”

வாஹித் சொன்னது மலையாண்டியின் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் தங்கச்சாமி, “மாசியில துர்காவுக்கு முகூர்த்தம் வச்சிருக்கு. கால் ஊனுறதும் நீங்கதாண்ணே. ஒங்களை விட்டா யாரு?” என்றான்.

வந்த சொல்லை மலையாண்டி விழுங்கினார். இந்த இடத்தில் அவருக்காகப் பரிந்து பேச வழியில்லை. தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தே விழுங்கினார். ஆனால் நாற்பது வருடம் வாசலில் நிறுத்தப்பட்டவனை ஒருநாள் உள்ளே கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தால், கூரை ஒழுகுகிறது என்று அவனா சொல்வான்?

தோட்டம் தோட்டமாகக் கூப்பிட்டார்கள். குளித்து, திருநீறு பூசி, கிழக்கே பார்த்து நின்று நட்டார். ‘கெழங்கு’ என்று கூப்பிட்ட வாயெல்லாம் “வாங்க, வாங்க, இங்குட்டு வாங்க” என்றது. வீட்டில் துண்டுகள் குவிந்தன. யோகலட்சுமி ஒவ்வொன்றையும் நீவி மடித்துப் பெட்டியில் வைத்தாள். அவர் தம் தோட்டத்திலும் கத்தரிதான் போட்டார். ஊருக்கு ஒன்று நட்டுவிட்டு வீட்டில் வேறு போட்டால் என்ன நினைப்பார்கள்?

தை வந்தது. குட்டியானை வண்டிகள் வரிசை கட்டிச் செக்காலைக்குப் போயின. எதைத் திறந்தாலும் கத்தரிக்காய். முதல் சில நாட்கள் ஏதோ போயிற்று. பிறகு வாஹித் கடை வாசலிலேயே கையை விரித்தார். “எறக்காதீக. நேத்து வந்ததே அப்படியே கெடக்கு. கல்யாணத்துக்கு வாரவுக கத்தரிக்கா மட்டுமா திம்பாக?” பறிகூலிக்குக் கட்டவில்லை. வண்டி வாடகையைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு, கொண்டுபோன மூட்டையோடு திரும்பி வந்தார்கள். தங்கச்சாமி தோட்டத்தை ஆட்டுக்குத் திறந்துவிட்டான். ஆடுகளும் ஒரு வாரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

மலையாண்டியை யாரும் ஏசவில்லை. விடிந்து கதவைத் திறந்தால், வாசலில் அழுகின கத்தரிக்காய் ஒரு குவியல் கிடக்கும். யோகலட்சுமி அள்ளிக் குப்பையில் போடுவாள், சாணி தெளிப்பாள். மறுநாள் விடிந்தால் இன்னொரு குவியல் கிடக்கும். “சொல்லிருக்கலாம்ல ஒங்களுக்குத் தெரிஞ்சதை” என்று ஒரே ஒரு நாள் கேட்டாள். அதன் பிறகு அவள் அந்தத் துண்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தங்கச்சாமி வந்தான். இந்தத் தடவை உள்ளே வரவில்லை, வாசல் படலுக்கு அந்தப் பக்கமே நின்றான்.

“அண்ணே, கால் ஊனுறதுக்கு வேற ஆளு சொல்லியாச்சு. மனசுல வச்சுக்கிறாதீக.”

“துர்கா என்ன சொல்லுச்சு?”

“அதுட்டயே கேளுங்க.” போக எட்டு வைத்தவன் திரும்பினான். “பந்திக்குக் கத்தரிக்கா மட்டும் ஒங்க தோட்டத்துலருந்து அனுப்பி விட்ருங்கண்ணே. வெலைதான் இல்லையே, சும்மாதானே கெடக்கு.”

துர்காவுக்கு மலையாண்டி போன் போட்டார். அவள் உடனே எடுத்தாள், “சாப்டீகளா பெரியப்பா?” என்றாள், கொஞ்சம் அழுதாள்.

“எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கெடையாது பெரியப்பா. ஆனா ஒருவேளை... வாழப் போற எடம் பாருங்க. கால் ஊனுற அன்னைக்கு நீங்க மட்டும் கொஞ்சம் பிந்தி வாரீகளா?”

“வாரேன்த்தா. அதுக்கென்ன, பிந்தியே வாரேன்” என்றார் மலையாண்டி. அவள் கேட்டபடியே பிந்தித்தான் போனார். அவர் போனபோது கால் ஊன்றி, பூச்சுற்றி, ஆட்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்தன்று அவருடைய கத்தரிக்காய் கோசமல்லியாகி எல்லா இலைக்கும் வந்தது. பக்கத்தில் இருந்த கோட்டையூர்க்காரர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “காய் வெண்ணெயா இருக்கே, யாரு தோட்டத்துது?” என்றார். பரிமாற வந்த தங்கச்சாமி, “நம்ம தோட்டத்துதுதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தான். மலையாண்டி தலையைக் குனிந்து சாப்பிட்டார்.

ஆடி பிறந்தது. தக்காளி நாற்று தயாராக இருந்தது. வேலிக்கு வெளியே வழக்கம்போல இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. மலையாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கி, எப்போதும் போலக் கையை நீட்டினார்.

யோகலட்சுமி நாற்றுத் தட்டை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஏங்க, நீங்க அங்குட்டுப் போயி மோட்டாரைப் போடுங்க. மொத நாத்தை நான் வச்சுர்றேன்.”

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் நடந்துபோய் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் தொட்டியில் வந்து விழுந்தது. அதில் இரண்டு கைகளையும் நீட்டி, தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அவற்றில் இன்னும் மண்ணே படவில்லை.